மெத்திலீன் புளூவைத் தாண்டி வேகவதிக்கு வருமா மாணவர்களின் ஆய்வு?

ஜனவரி பிறந்தால் போதும், தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் ஃபைனல் இயர் புராஜெக்ட் சீசன் களைகட்டிவிடும். முதல் ரிவ்யூ, இரண்டாவது ரிவ்யூ, கடைசியில் வைவா. கெமிக்கல் இன்ஜினீயரிங் துறையில் இந்த சீசனுக்கு ஒரு நிறமே உண்டு: நீலம். மெத்திலீன் புளூ என்ற சாயத்தின் நீலம்.

அந்தத் துறையில் படித்தவர்களுக்கு இதைச் சொன்னதும் சிரிப்பு வரும். தேங்காய் ஓடு, புளியங்கொட்டைத் தோல், வேப்பிலை, கடலைத் தோல் என ஏதோ ஒரு விவசாயக் கழிவை எடுக்கணும். அதைக் காயவைத்து, கரியாக்கி, சலிக்கணும். காய்ச்சி வடித்த நீரில் கொஞ்சம் மெத்திலீன் புளூவைக் கரைத்து, அதில் இந்தக் கரியைப் போட்டுக் குலுக்கணும். நீலம் வெளிறும். எவ்வளவு வெளிறியது என்பதை ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் சொல்லும். அந்த எண்களை லாங்முயர், ஃபிராய்ண்ட்லிக் என்ற இரண்டு சமன்பாடுகளில் பொருத்தினால் அழகான கோடு ஒன்று கிடைக்கும். 'தொண்ணூறு சொச்சம் சதவீதம் சாயம் நீக்கப்பட்டது' என்று முடிவுரை எழுதி, கறுப்பு அட்டையில் தங்க எழுத்தில் பைண்டிங் போட்டால் டிகிரி உறுதி.

இதில் பொய் எதுவும் இல்லை. அந்தக் கரி அந்தச் சாயத்தை உண்மையிலேயே இழுக்கிறது. ஆனால் அறிக்கையின் முதல் பக்கத்தில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: 'சாயத் தொழிற்சாலைக் கழிவுநீர் பெரும் சுற்றுச்சூழல் பிரச்னை, அதற்குக் குறைந்த செலவில் தீர்வு காண்பதே இந்த ஆய்வின் நோக்கம்.' சிக்கல் இந்த வரியில்தான் இருக்கிறது. அந்த ஆய்வு, சாயத் தொழிற்சாலைக் கழிவுநீரை ஒரு சொட்டுகூடத் தொட்டிருக்காது.

தண்ணீர் எங்கே போகுது?

காஞ்சிபுரம் பட்டு எல்லோருக்கும் தெரியும். காஞ்சிபுரத்தின் சாயத் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்பது அவ்வளவாகத் தெரியாது. நகரை ஒட்டி ஓடுகிற வேகவதி ஆறு, கிழக்கே போய்ப் பாலாற்றில் சேர்கிறது. அதே இடத்தில் தெற்கிலிருந்து செய்யாறும் வந்து கலக்கிறது. மூன்று ஆறுகள் கூடுவதால் அந்த ஊருக்குப் பெயர் திருமுக்கூடல். ஆற்றின் மறுகரையில் பழையசீவரம்.

வேகவதியில் நகரத்துச் சாக்கடையும் சாய நீரும் கலப்பது பற்றிப் பல வருஷங்களாகச் செய்தி வந்துகொண்டே இருக்கிறது. பாலாற்றில் வருஷத்தின் பெரும்பகுதி மேலே மணல்தான் தெரியும். ஆனால் மணலுக்கு அடியில் தண்ணீர் இருக்கிறது. ஆற்றுப் படுகையில் போட்ட கிணறுகளில் இருந்துதான் கரையோர ஊர்களுக்கும், சென்னையின் தெற்குப் புறநகரில் தாம்பரம் பக்கம் வரைக்கும் குடிநீர் போயிருக்கிறது. முக்கூடலுக்கு வருகிற மூன்று ஆறுகளில் என்ன கலந்திருக்கிறது என்பது, அந்தக் குழாயைத் திறக்கிறவர்களின் பிரச்னை. பாலாற்றின் மேல்பகுதியில், வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு 1996-லேயே உச்ச நீதிமன்றம் வரை போய், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பானது. கீழ்ப்பகுதியில் பட்டுச் சாயத்தின் கதை அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. தோல் ஆலை மாதிரி இது பெரிய தொழிற்சாலை கிடையாது. சின்னச் சின்னப் பட்டறைகள், சில அடுப்புகள், சில பாத்திரங்கள்.

அந்தத் தண்ணீருக்குள் என்ன இருக்கு?

புடவைக்கு நிறம் ஏற்றுவதற்கு முன்னால் பட்டு நூலை வேகவைப்பார்கள். பட்டுப்புழு கூடு கட்டும்போது இழைகளை ஒட்டவைக்க ஒரு பசையைச் சுரக்கும். பெயர் செரிசின், ஒரு புரதம். அது நூலில் இருக்கும்வரை பட்டு சொரசொரப்பாக, மங்கலாகத்தான் இருக்கும். சோப்பும் சலவை சோடாவும் போட்ட கொதிநீரில் அது கரைந்து போனபிறகுதான் நமக்குத் தெரிந்த பளபளப்பு வரும்.

இப்படிக் கரைந்து போவது கொஞ்சநஞ்சம் இல்லை. கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய 20 முதல் 25 சதவீதம். பத்து கிலோ நூலை வேகவைத்தால் இரண்டு, இரண்டரை கிலோ புரதம் தண்ணீரில் இறங்குகிறது. அதோடு சோப்பும் சோடாவும்.

இப்போ சாயத்தைப் பாருங்க. நடுத்தர நிறத்துக்கு நூலின் எடையில் 2 சதவீதம் சாயம்னு வெச்சுக்கிட்டா, அதே பத்து கிலோவுக்கு 200 கிராம். அதிலும் பெரும்பகுதி நூலில் ஏறிவிடும், மிச்சம் கொஞ்சம்தான் தண்ணீரில் நிற்கும். அந்தக் கொஞ்சமே கால்வாயைச் சிவப்பாகவோ பச்சையாகவோ காட்டப் போதும். அதனால் எல்லோரும் நிறத்தைப் பார்க்கிறோம், போட்டோ எடுக்கிறோம், நிறத்தை நீக்கப் புராஜெக்ட் செய்கிறோம். எடை போட்டுப் பார்த்தால், கண்ணில் படாத பசை சாயத்தைவிடப் பல மடங்கு அதிகம். ஆற்றில் அந்தப் புரதத்தைத் தின்கிற நுண்ணுயிரிகள் தண்ணீரில் கரைந்திருக்கிற ஆக்சிஜனையும் சேர்த்துத் தீர்த்துவிடும். மீனுக்கு மிச்சம் இருக்காது. நாற்றம் வருவதும் பெரும்பாலும் இந்த வழியில்தான்.

காய்ச்சி வடித்த நீரில் மெத்திலீன் புளூவைக் கரைத்த ஒரு மாணவருக்கு இது எப்படித் தெரியும்? தெரிய வழியே இல்லை. அவர் பாத்திரத்தில் பசை இல்லை, சோப்பு இல்லை, சூடு இல்லை.

இன்னொரு விஷயமும் இருக்கு. மெத்திலீன் புளூ நேர் மின்னேற்றம் கொண்ட சாயம். இலை, ஓடு, தோல் போன்றவற்றில் இருந்து செய்யும் பொடிகளின் மேற்பரப்பு பெரும்பாலும் எதிர் மின்னேற்றம் கொண்டது. எதிரும் நேரும் ஈர்க்கும், அதனால் நீலம் சீக்கிரம் வெளிறும். பட்டுக்குப் பெரும்பாலும் போடுவதோ அமிலச் சாயங்கள். அவை எதிர் மின்னேற்றம் கொண்டவை. சிலவற்றின் மூலக்கூறிலேயே குரோமியம் போன்ற உலோகமும் சேர்ந்திருக்கும். மெத்திலீன் புளூவை ஆசையாக இழுத்த அதே வேப்பிலைப் பொடி, பட்டுச் சாயத்தைத் தள்ளிவிடவும் செய்யலாம். கரியின் மேற்பரப்பை மாற்றணும், இல்லாட்டி நீரின் அமிலத்தன்மையைக் கூட்டணும். கூட்டினால் அந்த அமில நீரை மறுபடி சமன் செய்யணும். செலவு எகிறும். 'குறைந்த செலவில் தீர்வு' என்ற முதல் பக்க வரி இந்த இடத்தில் காற்றில் போய்விடுகிறது.

குடுவையில் இருந்து பட்டறைக்கு

வேதியியலுக்கும் வேதிப் பொறியியலுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் சட்டென்று சொல்ல ஒரு பதில் உண்டு: அளவு. 50 மில்லியில் நடப்பது 5,000 லிட்டரில் எப்படி நடக்கும் என்று யோசிப்பவர்தான் வேதிப் பொறியாளர்.

ஒரு எளிய கணக்கு. கணக்குக்காக எடுத்த எண்கள்தான் இவை. ஒரு பட்டறையில் நாளுக்கு 5,000 லிட்டர் சாய நீர், லிட்டருக்கு 100 மில்லிகிராம் சாயம். அப்போ நாளுக்கு அரை கிலோ சாயம். ஒரு கிராம் கரி 100 மில்லிகிராம் சாயத்தைப் பிடிக்கும் என்றால் நாளுக்கு 5 கிலோ கரி வேண்டும். வருஷத்தில் 300 நாள் வேலை என்றால் ஒன்றரை டன். இது கரி முழுத் திறனோடு உழைத்தால் வரும் எண். சோப்பும் புரதமும் இடத்தைப் பிடித்துக்கொண்டால் இன்னும் கூடும்.

சரி, சாயம் ஏறிய அந்த ஒன்றரை டன் கரியை என்ன செய்வது? குப்பையில் கொட்டினால் மழையில் மறுபடி கரையலாம். எரித்தால், உலோகம் இருந்தால் சாம்பலில் நிற்கும். தண்ணீரில் இருந்த பிரச்னை திடப்பொருளுக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். இந்தக் கேள்விக்கு ஒரு பக்கமாவது ஒதுக்கிய மாணவர் அறிக்கை, லாங்முயர் கோடு மட்டும் இருக்கும் பத்து அறிக்கைகளைவிட மதிப்பு கூடியது. மதிப்பெண் திட்டத்தில் அதற்குத் தனியாக இடம் இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

மாணவர்களை மட்டும் குறை சொல்ல முடியுமா?

முடியாது. ஒரு செமஸ்டர், மூன்று நான்கு பேர் குழு. நடுவில் பிளேஸ்மென்ட், அரியர். ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டருக்கு வரிசையில் நிற்கணும். மெத்திலீன் புளூ மலிவு, எண் துல்லியமாக வரும், வைவாவில் மடக்க முடியாது. நிஜக் கழிவுநீர் காலையில் ஒரு மாதிரி, மாலையில் வேறு மாதிரி இருக்கும். இன்று அரக்கு, நாளை மயில் கழுத்து. கோடு நேராக வராது. கைடு திட்டுவார். போதாக்குறைக்கு, மொத்தப் புராஜெக்ட்டையும் காசுக்குச் செய்து கொடுக்கிற 'புராஜெக்ட் சென்டர்' போர்டுகள் எந்தக் கல்லூரிச் சாலையிலும் தொங்குகின்றன.

பட்டறைக்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது. பாட்டிலோடு வந்து நிற்கிற 21 வயதுப் பையனைப் பார்த்ததும் அவருக்கு ஞாபகம் வருவது திருப்பூர். நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது. அதன் பிறகு, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத முறைக்கு மாறினால்தான் தொழில் நடத்த முடியும் என்ற நிலை வந்தது. சவ்வு வடிகட்டிகளும் ஆவியாக்கும் கலன்களும் கொண்ட பெரிய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை வைத்துத் திருப்பூர் சமாளித்தது. அங்கே இருந்தது ஏற்றுமதிப் பணம். நாலு அடுப்பு வைத்திருக்கும் பட்டுச் சாயக்காரருக்கு அந்த வசதி ஏது? 'தம்பி, சாம்பிள் எல்லாம் வேணாம், கிளம்புங்க' என்று அவர் சொன்னால் அதில் திமிர் எதுவும் இல்லை. பயம்தான்.

ஆனால் இந்தப் பயத்துக்கு மருந்தும் அதே மாணவர்களிடம்தான் இருக்க முடியும். நாளைக்கே காஞ்சிபுரத்துக்கும் ஒரு நீதிமன்ற உத்தரவு வந்தால், நாலு அடுப்புக்கு ஏற்ற சுத்திகரிப்பு எது, அதற்கு என்ன செலவு, எவ்வளவு இடம் என்று கேட்க அந்தச் சாயக்காரருக்கு யார் இருக்கிறார்கள்? பெரிய கன்சல்டன்சிகள் நாலு அடுப்புக்காக வரமாட்டார்கள்.

முதல் செயற்கைச் சாயமே ஒரு மாணவர் செய்ததுதான்

1856, லண்டன். ராயல் வேதியியல் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த 18 வயது வில்லியம் பெர்கின், ஈஸ்டர் விடுமுறையில் வீட்டு ஆய்வகத்தில் மலேரியா மருந்தான குயினைனைச் செயற்கையாகத் தயாரிக்கப் பார்த்தார். வரவில்லை. கிடைத்தது ஒரு கறுப்புக் கழிவு. அதைச் சாராயத்தில் கரைத்தபோது ஊதா. அந்த ஊதாவில் அவர் முக்கி எடுத்தது பட்டுத் துணியை. இன்று உலகெங்கும் ஓடுகிற செயற்கைச் சாயத் தொழில் தோற்றுப்போன அந்தப் பரிசோதனையில்தான் தொடங்கியது.

இந்தக் கதை பாடப் புத்தகத்தில் இருக்கும். அடுத்து நடந்தது அவ்வளவாக இருக்காது. பெர்கின் அந்தத் துணித் துண்டை ஸ்காட்லாந்தின் பெர்த் நகரில் இருந்த புல்லர் சாயப்பட்டறைக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்டார். விலை எகிறாவிட்டால் இது பெரிய விஷயம் என்ற பொருளில் பதில் வந்தது. லண்டனில் தாமஸ் கீத் என்பவரின் பட்டுச் சாயப்பட்டறையில் சோதித்துப் பார்த்தார். பட்டில் தானாக ஏறிய நிறம் பருத்தியில் ஏறவில்லை. அதற்கு டானின் சேர்க்கணும் என்பது சாயக்காரர்களோடு மல்லுக்கட்டிய பிறகுதான் பிடிபட்டது. கண்டுபிடித்ததில் பாதி ஆய்வகத்தில் நடந்தது என்றால், மீதிப் பாதி பட்டறையில் நடந்தது.

கழிவைக் காசாக்கின உதாரணமும் இருக்கு. ஜப்பானின் ஃபுகுய் நகரில் பட்டுக்குப் பசை நீக்கும் வேலையோடு தொடங்கிய செய்ரென் என்ற நிறுவனம், அப்படிக் கழுவிவிட்ட செரிசினையே எடுத்து அழகுசாதனப் பொருளாக விற்கிறது. காஞ்சிபுரத்திலும் செய்துவிடலாம் என்று உடனே துள்ள வேண்டாம். சோப்போடு கலந்த செரிசினைப் பிரிப்பது சிரமம். சோப்பு இல்லாமல், அழுத்தத்தில் சூடாக்கிய வெறும் தண்ணீரிலேயே பசையைக் கரைக்க முடியும், அப்போது பிரிப்பதும் எளிது. ஆனால் அதற்கு மூடிய கலன் வேண்டும், நூல் கெடாமல் பார்க்கணும், எரிபொருள் கணக்குக் கட்டுப்படியாகணும். மூன்று மாதத்தில் மூன்று பேர் செய்யக்கூடிய, விடை யாருக்கும் கையில் தயாராக இல்லாத, கச்சிதமான புராஜெக்ட் இதுதானே!

யாராவது இப்படிச் செய்கிறார்களா?

மாணவர்களைத் தொழிற்சாலைக்குள் உட்காரவைப்பது புதிய யோசனை இல்லை. அமெரிக்காவில் எம்.ஐ.டி. 1916-லேயே வேதிப் பொறியியலுக்கு 'பிராக்டிஸ் ஸ்கூல்' தொடங்கியது. மாணவர்கள் ஆலைகளில் தங்கி, அங்கே நிஜமாக இருக்கும் பிரச்னையைத் தீர்த்துவிட்டு வரணும். இங்கே பிலானியின் பிட்ஸ் 1973-ல் அதே பெயரில் தொடங்கி இன்றுவரை நடத்துகிறது. சென்னையில் 1944-ல் அழகப்பச் செட்டியாரின் கொடையில் உருவான ஏ.சி. டெக்கில் தொடக்கத்திலேயே வேதிப் பொறியியலும் துணித் தொழில்நுட்பமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ரசாயனமும் நெசவும் ஒரே வளாகத்தில் பேசிக்கொள்ளணும் என்று அன்றைக்கே தோன்றியிருக்கிறது. கிண்டியில் இருந்து காஞ்சிபுரம் ஏறக்குறைய 75 கிலோமீட்டர். இறுதியாண்டு மாணவர் திட்டங்களுக்குச் சிறு உதவித்தொகை தர தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றத்தில் திட்டமும் இருக்கிறது.

இல்லாதது இரண்டு. ஒன்று, தொடர்ச்சி. போன வருஷ பேட்ச் எங்கே விட்டதோ அங்கே இந்த வருஷ பேட்ச் தொடங்குவதில்லை. பிஎச்.டி. ஆய்வேடுகளுக்கு 'சோத்கங்கா' என்ற தேசிய இணையக் களஞ்சியம் இருக்கிறது. பி.டெக். புராஜெக்ட்டுக்கு இருப்பது துறை நூலகத்தின் கண்ணாடி அலமாரி. தோற்றுப்போன பரிசோதனை அதற்குள்ளும் போகாது. அதனால் ஐந்து வருஷம் கழித்து வேறொரு குழு அதே புளியங்கொட்டைத் தோலை அதே மாதிரிக் கரியாக்கி அதே இடத்தில் மாட்டிக்கொள்கிறது.

இன்னொன்று, எழுதிவைக்கும் பழக்கம். அதிலும் பிறருக்குப் பயன்படுகிற மாதிரி எழுதிவைப்பது. இதற்குத் திருமுக்கூடலைவிட நல்ல சாட்சி கிடையாது. அங்கே அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில், 11-ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்தில் வெட்டிய நீண்ட கல்வெட்டு ஒன்று உண்டு. கோயிலை ஒட்டி நடந்த பள்ளியும், மாணவர் விடுதியும், 'வீரசோழன்' என்ற ஆதுலர் சாலையும் அதில் வருகின்றன. ஆதுலர் சாலை என்றால் மருத்துவமனை. 15 படுக்கைகள். மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகையும் விறகும் கொண்டுவந்து மருந்து தயாரிப்பவர்கள், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள் என்று ஒவ்வொருவருக்கும் என்ன கூலி என்பது வரைக்கும் பதிவாகியிருக்கிறது. கையிருப்பில் இருக்க வேண்டிய மருந்துகள் இருபதுக்கும் பெயரும் அளவும் இருக்கிறது. தைலம், நெய், உப்பு எல்லாம் அதில் உண்டு.

'சோழர் காலத்திலேயே ஐ.சி.யூ.' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. மூலப்பொருள், எரிபொருள், ஆள், அளவு, இருப்பு என ஒரு பிளான்ட் நடத்த இன்றைக்குக் கேட்கிற எல்லாம் அந்தச் சுவரில் இருக்கிறது. அந்த ஏற்பாட்டை மறுநாள் வேறொருவர் வந்தாலும் தொடர முடியும். மாணவர் அறிக்கைகளில் பெரும்பாலானவற்றைப் படித்துவிட்டு ஒரு பட்டறையால் எதையாவது தொடங்க முடியுமா?

தொடங்குவதற்குப் பெரிய திட்டம் தேவையில்லை. ஒரே கல்லூரி, ஒரே துறை போதும். தனிப்பட்டறை எதன் பெயரும் வராமல், பொதுக் கால்வாயில் ஓரிடம், வேகவதியில் ஓரிடம், திருமுக்கூடலில் ஓரிடம் என்று மூன்று புள்ளிகள். மாதம் ஒருமுறை நிறம், அமிலத்தன்மை, கரைந்த உப்புகள், ஆக்சிஜன் தேவை. ஒவ்வொரு பேட்ச்சும் முந்தைய பேட்ச்சின் அட்டவணைக்குக் கீழே தன் வரிசையைச் சேர்க்கும். ஐந்து வருஷத்தில் 60 வரிசை. முகூர்த்த மாதத்தில் என்ன ஆகிறது, மழைக்குப் பிறகு என்ன ஆகிறது என்று அதில் தெரியும். பட்டறைக்குள் போவதை நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகப் பேசலாம். முடிவை இரண்டு பக்கத் தமிழில், வெற்றியோ தோல்வியோ, சாயக்காரர் கையில் கொடுக்கணும். மெத்திலீன் புளூவும் இருக்கட்டும், முதல் மாதம் கருவி பழக அது நல்ல சாயம். வைவா வரைக்கும் அதுவே கூட வரவேண்டாம்.

மாதிரி எடுக்கப் போகிறவர்களுக்கு நடைமுறை விஷயம் ஒன்று. எடுத்த நீரை உடனே ஐஸ் பெட்டியில், 4 டிகிரி அளவில் வைக்கணும், இல்லாட்டி நுண்ணுயிரிகள் வழியிலேயே வேலையை ஆரம்பித்துவிடும். உயிர்வேதி ஆக்சிஜன் தேவைக்கு இந்திய முறைப்படி 27 டிகிரியில் மூன்று நாள் காத்திருக்கணும். திங்கட்கிழமை காலையில் எடுத்து அன்றே ஆய்வகத்தில் வைத்துவிட்டால் வியாழக்கிழமை எண் கையில் இருக்கும், வெள்ளிக்கிழமை ரிவ்யூவுக்குச் சரியாக இருக்கும்.